காய்ச்சல் வராத மலேரியா!

"எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே, பிறகு எதுக்கு சார் விரல்ல குத்துறீங்க?"

ஏலத்தோட்டத்து லயத்துக்கு ரத்தம் எடுக்கப் போகும் சுகாதார ஊழியரிடம் இப்படிக் கேட்டால், அது நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். காய்ச்சல் இல்லாமலேயே மலேரியா இருக்கலாம்!

போடிநாயக்கனூருக்கு மேலே, போடிமெட்டைத் தாண்டி விரியும் ஏலமலையில் நிழல், ஈரம், ஓடைத் தண்ணீர் எதற்கும் குறைவில்லை. இதே மலைத்தொடரில் 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டியபோது மலேரியா பலரைக் கொண்டுபோனது. இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஜார்க்கண்ட், ஒடிசா பக்கமிருந்து இப்போது தோட்ட வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள். அங்குள்ள காட்டுக் கிராமங்களில் சின்ன வயசிலிருந்தே மலேரியா வந்து வந்து பழகிய உடம்பு, கிருமியை முழுசாக விரட்டாமல் அடக்கி வைத்துக்கொள்ளும். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? தமக்கு நோய் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அடங்கிக் கிடக்கும் கிருமி சும்மா இருக்குமா? சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டே இருக்கும். மண்ணீரல் வீங்கி, நல்ல அணுக்களையும் சேர்த்து அழிக்கும். மெல்ல மெல்ல ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிள்ளைக்குப் படிப்பில் கவனம் நிற்காது. "வேலை அலுப்பு", "வெயில் அசதி" என்று நாமே ஒரு காரணம் சொல்லி டானிக் வாங்கிக் கொடுப்போம். (சோகை என்றாலே மலேரியா என்று அலறவும் வேண்டாம். சத்துக்குறைவு, கொக்கிப்புழு காரணமாக வருவதே அதிகம்.)

கர்ப்பிணிகள் விஷயத்தில்தான் கவலை அதிகம். கிருமி நஞ்சுக்கொடியில் தங்கினால் தாய்க்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் குழந்தைக்குப் போகும் ஊட்டம் குறையும். எடை குறைந்து, சில சமயம் நாள் முந்தியே பிறந்துவிடும்.

இன்னொன்று. அறிகுறி இல்லாதவரைக் கடித்த அனாபிலிஸ் கொசு, பத்துப் பதினைந்து நாளில் அடுத்தவருக்கு அதைக் கொடுத்துவிடும். காலையில் ஜீப்பில் மலையேறிச் சாயங்காலம் போடிக்குத் திரும்புகிறவருக்கு அந்தப் பழகிய உடம்பு கிடையாது. அவருக்குக் கடுங்காய்ச்சலே வரும்.

மலேரியா உள்ள பகுதியில் தங்கி வந்தவருக்குக் காரணம் தெரியாத சோகையோ அசதியோ இருந்தால், போன இடத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிருமி மிகக் குறைவாக இருந்தால் ஒரு தடவை பார்த்த ரத்தப் பரிசோதனையில் தப்பிவிடும். டாக்டர் சொன்னால் மறுபடியும் பாருங்கள்.

வைவாக்ஸ் வகை என்றால் கிருமி கல்லீரலில் பல மாதம் தூங்கும். அதை ஒழிக்கத்தான் 14 நாள் பிரைமாக்குயின் மாத்திரை. "நல்லாத்தானே இருக்கேன்" என்று நாலாம் நாளே நிறுத்துகிறவருக்கு நோய் திரும்பி வரலாம். இந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கும் ஆபத்து. கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.