மோட்டார் வண்டி ஒலிப்பெருக்கி: தேர்வும் சோதனையும்

நடு அந்தமானிலுள்ள ரங்கத்தில் வாடகை வண்டி ஓட்டும் தமிழர் ஒருவர் விடுமுறைக்குத் தாயகம் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் முன்னர்ச் சென்னை ரிச்சி தெருவில் தம் வண்டிக்கென ஓர் ஆம்ப்ளிபையர் வாங்குகிறார். பெட்டியின்மீது '2,000 வாட்' என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருக்கிறது, விலையோ மலிவு. அதன்பின் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாட் பயணம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில் இறங்கி, அந்தமான் நெடுஞ்சாலையில் மேலும் 170 கிலோமீட்டர் வடக்கே செல்ல வேண்டும். வீடு சேர்ந்து வண்டியிற் பொருத்திய பின்னரே, பெட்டியில் கண்ட எண் வெறும் அலங்காரம் என்பது தெரிய வருகின்றது. சென்னையில் வசிப்பவர் மறுநாளே கடையேறி வழக்காடலாம். இவருக்கும் கடைக்கும் இடையே கடல் மட்டுமே சுமார் 1,190 கிலோமீட்டர்.

ஆகவே, தொலைவில் வாழ்வோர் இப்பொருளைக் கடைமேசையின் மீதே சோதித்து வாங்குதல் வேண்டும். மும்பை லாமிங்டன் சாலையிலோ பெங்களூர் எஸ்.பி. சாலையிலோ வாங்கும் நேயர்களுக்கும் இச்சோதனை பயன்படும். இதற்குப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை; பெருக்கலும் வகுத்தலும் அறிந்திருந்தாற் போதும்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர் ஆம்ப்ளிபையரையும் ஒலிபெருக்கி என்பர். ஒலி வெளிப்படும் கூம்பையும் ஒலிபெருக்கி என்பர். குழப்பம் நேராதிருக்க, முன்னதை இங்கே 'பெருக்கி' என்றும் பின்னதை 'ஸ்பீக்கர்' என்றும் வழங்குவோம். பாட்டையும் செய்தியையும் எடுத்துத் தரும் முன்பலகைக் கருவியைக் கடைக்காரர் சொல்லும் 'ஸ்டீரியோ' என்ற பெயராலேயே குறிப்போம்.

எந்த ஸ்டீரியோவிலும் ஒரு சிறு பெருக்கி உள்ளடங்கியே இருக்கின்றது. அதன் முகப்பில் '50 வாட் x 4' என்று எழுதியிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். இந்த 50 எங்கிருந்து வந்தது? எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை வழக்கமாக 4 ஓம். அழுத்தத்தை அதே எண்ணாற் பெருக்கித் தடையால் வகுத்தால் வாட் கிடைக்கும். 14.4-ஐ 14.4-ஆற் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8 வருகின்றது. இதுவே அந்த 50-இன் பிறப்பிடம். ஆனால் முழு அழுத்தமும் இடைவிடாது ஸ்பீக்கரின்மேற் பாய்ந்தால்தான் அவ்வளவு கிடைக்கும். அதாவது, ஒலியலையின் முடியும் அடியும் வெட்டுண்டு சதுரமாகி, பாட்டு வெறும் இரைச்சலாக மாறிய நிலையில் கிடைக்கும் அளவு அது. அலை தன் இயல்பான வளைவோடு இருக்குமாயின் சரிபாதியே, அதாவது சுமார் 26 வாட்டே, கிடைக்கும். டிரான்சிஸ்டர்களிற் போகும் இழப்பையும் கழித்தால் 18 முதல் 22 வாட் வரையே தேறும். அச்சிட்டவர் முழுப்பொய் சொல்லவில்லை. யாரும் கேட்க விரும்பாத ஓர் ஒலியின் அளவைச் சொல்லியிருக்கிறார்.

12 வோல்ட் பாட்டரியிலிருந்து இதற்குமேற் பெற வேண்டுமானால் அழுத்தத்தை உயர்த்தியே ஆகவேண்டும். தனிப் பெருக்கியின் உள்ளே இருக்கும் மின்மாற்றிப் பகுதி செய்யும் வேலை அதுவே. இது புதிய யுக்தியன்று. 1930-இல் அமெரிக்காவில் மோட்டரோலா என்ற பெயரில் வண்டி வானொலி விற்பனைக்கு வந்தது. வால்வுகளுக்கு உயர்ந்த அழுத்தம் தேவைப்பட்டமையால், அந்தப் பத்தாண்டிலேயே 'வைப்ரேட்டர்' என்னும் அதிர்வுச் சாதனம் பாட்டரியின் சிறு அழுத்தத்தைப் பன்மடங்காக உயர்த்தித் தரலாயிற்று. அது எழுப்பிய ரீங்காரத்தைப் பழைய வண்டிகளில் ஏறியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அவ்வேலையைச் செய்யும் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. அவற்றின் துடிப்பு நம் செவிக்கு எட்டுவதில்லை.

தனிப் பெருக்கி அனைவர்க்கும் தேவையா? என் கருத்தில், பலருக்கும் தேவையில்லை. வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயர்கின்றது. காதிற்கு அது சற்றே கூடியதாகத் தோன்றும். ஒலி இருமடங்கானதாகத் தோன்ற 10 டெசிபெல் உயர வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆனால் 87 டெசிபெல் நுண்திறன் உள்ள ஸ்பீக்கரை நீக்கி 90 டெசிபெல் உள்ளதைப் பொருத்தினால், பெருக்கியை இருமடங்காக்கிய பலன் அதனாலேயே கிட்டிவிடும். ஸ்பீக்கரின் அட்டைப் பெட்டியில் இந்த எண் பெரும்பாலும் இருக்கும். வாங்குவோர் அதைப் பார்ப்பதில்லை, விற்போரும் காட்டுவதில்லை. ஆகவே முதற் செலவை ஸ்பீக்கரிற் செய்யுங்கள். அதன்பிறகும் குறை இருந்தால், குறிப்பாக மத்தளம், தவில் ஆகியவற்றின் அடிநாதம் வண்டி இரைச்சலில் அமிழ்ந்து போனால், பெருக்கியைத் தேடலாம்.

கடையிற் செய்யவேண்டிய முதற் சோதனைக்குக் கருவியே வேண்டாம். பெருக்கியின் பக்கவாட்டிற் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அதில் 30 என்றிருந்தால், அப்பெருக்கி தொடர்ந்து இழுக்கக்கூடிய மின்னோட்டம் ஏறக்குறைய 30 ஆம்பியர். அதை 14.4-ஆற் பெருக்கினால் 432 வாட். உள்ளே செல்வதே அவ்வளவுதான். பழைய 'ஏபி' வகையாயின் அதில் சுமார் 60 விழுக்காடு ஒலியாற்றலாக வெளிவரும். 'டி' வகையாயின் 80 விழுக்காடு. மிகையாகக் கணித்தாலும் 350 வாட்டுக்கு மேல் இல்லை. எஞ்சியது வெப்பமாகும். பெட்டியிற் கண்ட 2,000 வாட் எவ்வழியாக உள்ளே நுழைந்தது என்று கடைக்காரரைப் பணிவுடன் கேட்கலாம்.

நேர்மையான அளவுக்கு ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கின்றது. அமெரிக்க நுகர்பொருள் மின்னணுச் சங்கம் 2003-இல் வெளியிட்ட சி.இ.ஏ.-2006 என்னும் நியமம் அது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் தடையில், திரிபு 1 விழுக்காட்டுக்கு மேற்படாமல் கிடைக்கும் தொடர் வாட்டையே சொல்லவேண்டும் என்பது அதன் சாரம். கையேட்டில் இக்குறிப்பு இருந்தால், அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. 'பீக்', 'மாக்ஸ்' ஆகிய சொற்களுக்கு அருகில் வரும் எண்ணைக் கணக்கிற் கொள்ளவேண்டாம், 'ஆர்.எம்.எஸ்.' என்ற எழுத்துக்களை அடுத்து வருவதையே தேடுங்கள்.

இரண்டாம் சோதனைக்கு மூன்று பொருள்கள் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று. 4 ஓம், 100 வாட் அளவுள்ள, அலுமினிய உறையிட்ட மின்தடைகள் இரண்டு. 50 சைக்கிள் ஒலியலை ஒன்றைப் பதிந்து வைத்த கைப்பேசி. ஸ்பீக்கருக்கு மாற்றாக மின்தடைகளை இணைத்தால், கடை அதிராது, ஸ்பீக்கரும் கருகாது. 50 சைக்கிள் ஏனெனில், மலிவான மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தை அளக்கவென்றே அமைந்தவை. அந்த அலைவெண்ணில் அவற்றை நம்பலாம், ஆயிரம் சைக்கிளில் நம்புவதற்கில்லை. தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் வடிகட்டி பெருக்கியில் இருந்தால் அதை நிறுத்திவையுங்கள்.

பெருக்கிக்கு மின்சாரம் கொடுத்து, கைப்பேசியின் ஒலியைச் செலுத்தி, திருகைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மின்தடையின் இருமுனைகளிலும் மாறுமின் அழுத்தத்தை அளந்துவாருங்கள். ஓர் எல்லைக்குமேல் எவ்வளவு திருகினாலும் அளவு உயராது நிற்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே திருகைத் தணித்துவிடுங்கள். மின்தடை விரைவிற் சுட்டுவிடும். எல்லை 20 வோல்ட் எனில், 20-ஐ 20-ஆற் பெருக்கி 4-ஆல் வகுக்க 100 வாட். எல்லை 11 வோல்ட் எனில் வெறும் 30 வாட். இந்த எல்லையில் அலை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்குமாதலால், தூய ஒலி இதனினும் குறைவாகவே இருக்கும். எனவே, பெட்டியிற் கண்ட ஆர்.எம்.எஸ். அளவு இந்த எல்லையையும் தாண்டி நின்றால், அது பொய் என்பதில் ஐயமில்லை. பழுதுபார்ப்போர் எவரிடமேனும் அலைகாட்டி இருந்தால், அலையின் முடி வெட்டுப்படத் தொடங்கும் இடத்தைக் கண்ணாலேயே காணலாம். அப்போது சரியான அளவே கிடைத்துவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒரு வாய்க்கு மட்டும் சுமை கொடுத்து அளந்தால் பெருக்கி தன் பலத்தைக் கூட்டிக் காட்டும். இரண்டு வாய்களுக்கும் ஒருங்கே கொடுங்கள். மற்றொன்று, அளக்கும்போதே பெருக்கியின் மின்வாயில் நேர்மின் அழுத்தம் எவ்வளவு என்றும் பாருங்கள். கடையின் மின்வழங்கி சிறியதாக இருந்து அழுத்தம் 11 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால், குற்றம் பெருக்கியினுடையதன்று.

இனிச் சிறு சோதனைகள். பாட்டு எதுவும் இல்லாதபோது ஸ்பீக்கர் வாயில் நேர்மின் அழுத்தம் ஏறக்குறைய இருத்தலாகாது. ஐம்பது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தாற் கவலையில்லை, ஒரு வோல்ட்டை நெருங்கினால் அது ஸ்பீக்கரின் கம்பிச்சுருளைச் சுட்டெரிக்கும். பின்னர் உண்மையான ஸ்பீக்கர் ஒன்றை இணைத்து, காதை அருகே வைத்து, சீறல் கேட்கிறதா என்று பாருங்கள். கால்மணி நேரம் பாடவிட்டுத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கையை வைத்திருக்க இயலாத சூடு தகாது. ரங்கத்தின் நண்பகலில் பூட்டிய வண்டிக்குள் அச்சூடு இன்னும் ஏறும்.

வாங்கியாயிற்று. பொருத்துவதிலே உயிர்க்கே அபாயமான இடம் ஒன்று உண்டு. பாட்டரியிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் கம்பி, எஞ்சின் அறையின் இரும்புத் தகட்டைத் துளைத்து உள்ளே வருகின்றது. அத்துளையில் ரப்பர் வளையம் இல்லையாயின், மேடுபள்ளமான சாலையில் தகட்டின் விளிம்பு நாளடைவில் உறையை அறுக்கும். அறுந்த கணத்தில் பாட்டரியின் முழு ஓட்டமும் வண்டியின் உடலிற் பாய்ந்து கம்பி தீப்பற்றும். பெருக்கியிலுள்ள ஃபியூஸ் இதைத் தடுக்காது. அது கம்பியின் மறுமுனையில் அல்லவா இருக்கின்றது! பாட்டரிக்கு ஒரு முழத்துக்குள் தனி ஃபியூஸ் ஒன்று அவசியம் வேண்டும். கூலியை மிச்சம் பிடிக்க இதை விட்டுவிடுவோர் உண்டு.

கம்பியிலும் ஏமாற்று இருக்கின்றது. செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைச் செம்பென்று விற்பர். ஓர் இழையைக் கத்தியாற் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரியும். 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 5 மீட்டர் ஓடி 50 ஆம்பியர் சுமந்தால், கால் வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பாகும். அதே கனமுள்ள முலாம் கம்பியில் இழப்பு ஒன்றரை மடங்கு. இழப்பைவிட எனக்கு அஞ்சத்தக்கதாகத் தோன்றுவது வேறு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் உப்புக் காற்றும் உள்ள தீவில், அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் விரைவில் அரித்துப்போகும். படகுகளுக்கென ஈயம் பூசிய செப்புக் கம்பி கிடைக்கின்றது. விலை கூடுதலாயினும் தீவுவாசிகளுக்கு அதுவே உகந்தது. பொருத்தி முடித்தபின், உரக்கப் பாடவிட்டுப் பாட்டரியிலும் பெருக்கியின் வாயிலும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு காணின், எங்கோ ஒரு முடுக்கு தளர்ந்திருக்கின்றது அல்லது பூச்சைச் சுரண்டாமல் தரையிணைப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் செல்லும் சாலை ஜிர்காடாங் சோதனைச் சாவடியைக் கடந்து ஜாரவா மக்களின் காப்புநிலத்தின் ஊடே போகின்றது. குறித்த நேரங்களில் மட்டும், வண்டிகள் வரிசையாகவே செல்லலாம், வழியில் நிறுத்தலாகாது. பின்பு நடுநீரிணையில் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். இத்தகைய காத்திருப்பிலே எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிடுவது வழக்கம். சிறு வண்டியின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி அளவினது. பெருக்கி சராசரி 10 ஆம்பியர் இழுத்தால், இரண்டு மணி நேரத்திற் பாதிக்குமேல் தீர்ந்துபோகும். வரிசை நகரும்போது எஞ்சின் எழாது. அடுத்த வரிசைக்கு எத்தனை நேரமோ! மல்டிமீட்டர் 12.2 வோல்ட் காட்டினால் பாட்டை நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்புநிலத்தின் ஊடே செல்லும் நேரத்தில் ஒலியை அடக்கிவைப்பதும் தகும். அது பிறர் வீட்டு முற்றம்.

நாள் முழுதும் வண்டியில் அமர்ந்திருப்போர் தம் செவியையும் எண்ணவேண்டும். 85 டெசிபெல் ஒலியை 8 மணி நேரத்துக்குமேற் கேட்பது தீங்கு என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வாளர் வரையறுத்துள்ளனர். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலேயே அந்தமானை எட்டிவிடுகின்றது. ஆண்டுதோறும் அம்மாதத் தொடக்கத்தில் தரையிணைப்பு மரையைக் கழற்றி, பச்சை பூத்திருந்தால் உப்புக் காகிதத்தால் தேய்த்து, மீண்டும் முடுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். தகட்டுத் துளையிலுள்ள ரப்பர் வளையத்தையும் அன்றே விரலால் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றிவிட்டுப் பிறகு வண்டியை எடுங்கள்.