கொடி கைப்பற்றல் (தகவல் பாதுகாப்பு)

கொடி கைப்பற்றல் என்பது தகவல் பாதுகாப்பைப் பயிற்றுவிக்கவும் அத்துறையில் திறனைச் சோதிக்கவும் நடத்தப்படும் ஒரு கணினிப் போட்டி வகை ஆகும். இது சிடிஎஃப் எனவும் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இரு அணிகள் ஒன்றின் கொடியை மற்றொன்று கவர முயலும் திடல் விளையாட்டில் இருந்து இப்பெயர் பெறப்பட்டது. இங்கு கொடி என்பது, வேண்டுமென்றே குறைபாட்டுடன் அமைக்கப்பட்ட நிரல், வலைத்தளம் அல்லது கோப்பினுள் மறைத்து வைக்கப்பட்ட ஓர் எழுத்துத்தொடர் ஆகும். அதைக் கண்டறிந்து சமர்ப்பிப்போர் புள்ளிகள் பெறுவர்.

வரலாறு

அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் கூடும் டெஃப்கான் மாநாட்டில் 1996 ஆம் ஆண்டு இப்போட்டி முதன்முதலாக நடைபெற்றது. பள்ளி மாணவர்களுக்கான பிக்கோசிடிஎஃப் போட்டியைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013 இல் தொடங்கியது.

போட்டி முறைகள்

இவற்றில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன.

1. வினாப் பலகை முறை: மறையீட்டியல், வலைப் பாதுகாப்பு, தடயவியல் போன்ற பிரிவுகளில் தனித்தனிப் புதிர்கள் தரப்படும். கடினமான புதிருக்குப் புள்ளிகள் அதிகம்.
2. தாக்குதல்-தற்காப்பு முறை: ஒவ்வோர் அணிக்கும் ஒரே வகையான வழங்கி தரப்படும். தன் வழங்கியின் குறைகளைச் சரிசெய்து, அதன் சேவைகளை இயங்க வைத்துக்கொண்டே பிறர் வழங்கிகளைத் தாக்க வேண்டும்.

கற்றலில் பங்கு

பாதுகாப்புக் குறைபாடு எவ்வாறு சுரண்டப்படுகிறது என்பதை அறியாமல் அதைத் தடுப்பது கடினம். எடுத்துக்காட்டாக, ஆங்கில எழுத்துகளைக் குறிப்பிட்ட இடங்கள் நகர்த்தி எழுதும் சீசர் மறையீட்டிற்கு 25 சாவிகளே உள்ளன. அனைத்தையும் முயன்று செய்தியை வெளிக்கொணரும் மாணவர், சாவிகளின் எண்ணிக்கை ஏன் மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைச் செய்தே உணர்கிறார்.

போட்டி ஆர்வத்தைத் தூண்டினாலும், கால வரம்பும் தரவரிசையும் தொடக்கநிலையினரைச் சோர்வடையச் செய்யக்கூடும். முன் அனுபவம் உள்ளவர் நிமிடங்களில் தீர்க்கும் புதிருக்குப் புதியவர் பல நாட்கள் செலவிட நேரலாம். இதனால் போட்டி முடிந்த பின்னரும் புதிர்களைத் திறந்து வைக்கும் வழக்கம் உருவானது. பிக்கோசிடிஎஃப் அமைப்பின் பிக்கோஜிம் தளத்தில் முந்தைய ஆண்டுகளின் புதிர்களை எவரும் தம் வேகத்தில், குறிப்புகளின் உதவியுடன் தீர்க்கலாம். பங்கேற்றோர் எழுதி வெளியிடும் தீர்வு விளக்கங்களும் பாடநூல் போலப் பயன்படுகின்றன. புதிரைத் தீர்க்க இயலாதவரும் இவற்றின் வழியே கற்க முடிகிறது.

சட்டமும் ஒழுக்கமும்

போட்டிக்கென அமைக்கப்பட்ட கணினிகளைத் தாக்க மட்டுமே அனுமதி உண்டு. அதே நுட்பத்தைப் பிறருடைய கணினியில் அனுமதியின்றிப் பயன்படுத்துவது, இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 உட்படப் பல நாட்டுச் சட்டங்களின்படி தண்டனைக்குரியது.