எரிக்கும் முன் ஒரு நிமிடம்!

மார்கழி மாதத்தின் கடைசி நாள் போகிப் பண்டிகை. அதற்கு நாலு நாள் முன்பே வீட்டில் அமளி தொடங்கிவிடும்.

ஒருவர் ஏணி வைத்துப் பரண் மேல் ஏறுவார். மற்றொருவர் கீழே நின்று வாங்குவார். ஓட்டை வாளி வரும். கால் ஒடிந்த முக்காலி வரும். துணி மூட்டை வரும். காகிதக் கட்டு வரும்.

கூடவே சண்டையும் வரும்!

"இது எதற்கு அம்மா? தூக்கிப் போடு" என்பான் மகன்.

"அடேய், அது உன் தாத்தா வாங்கியதடா!" என்பாள் தாய்.

யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி.

எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் தேளும் கரப்பானும் வீட்டில் குடியேறும். எல்லாவற்றையும் எறிந்துவிட்டால், எறியக்கூடாததும் சேர்ந்து போய்விடும்.

நெருப்பில் போன ஏடுகள்

தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாத ஐயர் (1855–1942) பழைய ஓலைச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர். கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் நிறைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டார். ஆவலோடு அங்கே போனார்.

ஏடுகள் இல்லை!

என்ன ஆயின என்று விசாரித்தார். "பழைய ஏடுகள் குப்பையாகக் கிடந்தன. நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் போட்டுவிட்டார்கள்" என்ற பதில் கிடைத்தது. இதை அவர் "என் சரித்திரம்" என்ற நூலில் வேதனையோடு எழுதியிருக்கிறார்.

எரித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தீக்குத் தப்பிய ஏடுகளும் உண்டு. அப்படித் தப்பியவற்றைக் கொண்டுதான் அவர் சீவக சிந்தாமணியை 1887-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும் அச்சிட்டார். யாரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்ததால் அவை நமக்குக் கிடைத்தன.

நம் வீட்டுப் பரணில் புறநானூறு இருக்காது. ஆனால் போனால் திரும்ப வராத பொருள் ஒன்றாவது இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி

ஆகவே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்.

"இது போனால் மறுபடி கிடைக்குமா?"

கடையில் கிடைக்கும் என்றால், அது இப்போது பயன்படுகிறதா என்று பாருங்கள். பயன்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படாவிட்டால் கொடுத்துவிடுங்கள்.

எந்தக் கடையிலும் கிடைக்காது என்றால், அவசரப்படாதீர்கள். தனியே எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. ஒருவர் பொருளை மற்றவர் எறியக்கூடாது. தாத்தாவின் பெட்டியைத் தாத்தாவே பிரிக்கட்டும்.

காகிதக் கட்டு

மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது காகிதக் கட்டு. அதைப் பிரிக்காமல் எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு தாளாகப் பாருங்கள்.

வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம், அதற்கு முந்திய தாய்ப் பத்திரம் இவற்றை எறியவே கூடாது. தாய்ப் பத்திரம் என்பது, நமக்கு விற்றவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று காட்டுவது. தாள் மங்கிப் பழுப்பாக இருக்கும். குப்பை போலத் தோன்றும். ஆனால் வீட்டையே காப்பாற்றுவது அதுதான்.

பதிவு செய்த பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். ஆனாலும் மூலப் பத்திரம் இல்லை என்றால் விற்கும் போதும், வங்கியில் கடன் கேட்கும் போதும் அலைச்சல்தான்.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள், பள்ளிச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் பாலிசி, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வையுங்கள். பெட்டி இருக்கும் இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும்.

பல வருடத்துக்கு முந்திய கரண்டு பில், பழைய காலண்டர், கடை விளம்பரம் இவை போகலாம்.

பட்டும் பித்தளையும்

பழைய பட்டுச் சேலையை வாங்க ஆள் வருவார்கள். கிழிந்த சேலையை விலை கொடுத்து வாங்குகிறார்களே, ஏன்?

சரிகைக்காகத்தான்! அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. இது தெரியாமல் சொற்ப விலைக்குக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

அம்மாவின் கூறைப் புடவையானால் விற்கவே வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அவ்வப்போது மடிப்பை மாற்றி மடியுங்கள். இல்லாவிட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும்.

பித்தளைப் பாத்திரம் எட்டு இருந்தால் எட்டும் வேண்டியதில்லை. பாட்டி பொங்கல் வைத்த பானை ஒன்று போதும். அதற்கு உள்ளே ஈயம் பூசி, தைத் திருநாளுக்கு அதிலேயே பொங்கல் வையுங்கள். பரணில் தூங்கும் பொருளைவிட அடுப்பில் ஏறும் பொருளுக்குத்தான் மதிப்பு.

எது போகலாம்?

உடைந்த பிளாஸ்டிக், மூடி இல்லாத டப்பா, காலாவதியான மருந்து, "என்றைக்காவது உதவும்" என்று வைத்து ஒரு நாளும் உதவாத சாமான், இவை எல்லாம் போகட்டும். நல்ல துணியானால் துவைத்து மடித்து, வேண்டியவர்களுக்குக் கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகங்களை அடுத்து அதே வகுப்புக்கு வரும் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

ஆனால் பிளாஸ்டிக்கையும் டயரையும் நெருப்பில் போடாதீர்கள். அந்தப் புகை நஞ்சு. குழந்தைகளுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் மிகவும் கெடுதல். 2018-ம் ஆண்டு போகி அன்று புகை மூட்டத்தால் சென்னையில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. குப்பை வண்டியில் கொடுங்கள்; பழைய சாமான் கடையில் போடுங்கள்.

இந்தப் படத்தில் யார்?

கடைசியாக, பழைய போட்டோக்கள்.

தலைப்பாகை கட்டிய ஒருவர் நிற்கிறார். பக்கத்தில் ஒரு சிறுமி. யார் இவர்கள்? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாத படம் அடுத்த போகிக்குக் குப்பைக்குப் போகும்.

பாட்டியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

"இது என் அப்பாடா! பக்கத்தில் நிற்பது நான்தான்!" என்பாள் பாட்டி. அவள் முகத்தைப் பாருங்கள். அதில் ஒரு சிறுமி தெரிவாள்.

உடனே படத்தின் பின்பக்கம் பென்சிலால் அழுத்தாமல் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். வருடம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். படம் பெட்டியில் இருக்கும். சொல்வதற்குப் பாட்டி இருக்க வேண்டுமே!