கேரம் பந்து (துடுப்பாட்டம்)

கேரம் பந்து என்பது துடுப்பாட்டத்தில் சுழற்பந்து வீச்சாளர்கள் வீசும் ஒரு வகைப் பந்து ஆகும். டென்னிசுப் பந்து கொண்டு தெருவில் ஆடுவோர் இதனைச் 'சொடக்குப் பந்து' என்பர். வீசும் முறையை இப்பெயரே நன்கு உணர்த்துகிறது. பெருவிரல், சுட்டுவிரல், மடக்கிய நடுவிரல் ஆகியவற்றுக்கு இடையே பந்தைப் பிடித்து, விடுவிக்கும் கணத்தில் நடுவிரலால் சுண்டுவர். சுழற்சி மணிக்கட்டிலிருந்து வராமையால், அதைப் பார்த்துத் திசையைக் கணிக்கும் மட்டையாளர் ஏமாறுவார்.

ஆத்திரேலியாவின் ஜாக் ஐவர்சன் 1950-51 ஆம் ஆண்டுகளிலேயே மடக்கிய நடுவிரலால் வீசினார். எனினும், 2008 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கையின் அஜந்த மென்டிஸ் 13 ஓட்டங்களுக்கு 6 இந்திய விக்கெட்டுகளை வீழ்த்திய பின்னரே இது பரவலாக அறியப்பட்டது. பின்னர் சென்னையின் இரவிச்சந்திரன் அசுவின் இதனைத் திறம்படக் கையாண்டார். டென்னிசுப் பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். தோல் பந்தின் எடையோ சுமார் 160 கிராம். ஆகவே, தெருவில் எளிதாகக் கைவந்த சொடக்கு மைதானத்தில் விரலுக்குக் கடினமானது.