'நம்ம ஊரு டீம்' பிறந்தது தூத்துக்குடியில்!
சேலம் கிரிக்கெட் அணியின் கடிவாளம் யார் கையில்?

சேலம், 
"நம்ம ஊரு டீமுப்பா!" என்று சேலத்துக்காரர்கள் விசில் அடிக்கிறார்களே, அந்த அணி பிறந்த ஊர் எது தெரியுமா? தூத்துக்குடி!

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ல் டி.என்.பி.எல். போட்டியைத் தொடங்கியபோது 8 அணிகள் இருந்தன. சேலத்துக்கு அணி கிடையாது. தூத்துக்குடி பெயரில் 'டூட்டி பேட்ரியாட்ஸ்' ஆடியது. முதல் வருஷமே கோப்பையையும் தட்டிச் சென்றது. 2021 போட்டிக்கு வந்தபோது அந்த அணியே 'சேலம் ஸ்பார்ட்டன்ஸ்'!

ராத்திரியோடு ராத்திரியாக வீடு மாறுகிற குடித்தனக்காரர் மாதிரி ஊர் மாறிவிட்டது அணி. தூத்துக்குடி ரசிகரையும் யாரும் கேட்கவில்லை, சேலம் ரசிகரையும் கேட்கவில்லை.

அணியை நடத்தும் உரிமையை முதலாளிகள் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். கொடுப்பது சங்கம். எந்த ஊரில் ஆட்டம், ஆட்டக்காரர்களுக்கு ஓர் அணி மொத்தம் எத்தனை ரூபாய் செலவழிக்கலாம் என்ற கணக்கெல்லாம் சங்கத்தில் முடிவாகிறது.

சங்ககிரி சிமெண்ட்

போட்டி தொடங்கிய காலத்தில் சங்கத்தின் தலைவர் என்.சீனிவாசன். நம்ம பக்கத்துக்கு அந்நியர் இல்லை. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் அதிபராக இருந்தவர். (2024 டிசம்பரில் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போனது.) 2019-ல் அவர் மகள் ரூபா குருநாத் சங்கத் தலைவரானார். மாநில கிரிக்கெட் சங்கம் ஒன்றுக்குப் பெண் தலைவர் வந்தது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. 2021 கடைசியில் அவர் விலக, 2022-ல் அசோக் சிகாமணி வந்தார்.

நாற்காலியில் ஆள் மாறினாலும் சேலத்துக்கு ஒரு லாபம் கிடைத்தது. ஆத்தூர் ரோட்டில் வாழப்பாடி அருகே 2020 பிப்ரவரியில் பெரிய மைதானம் திறந்தார்கள். திறந்தவர் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. ராகுல் டிராவிட்டும் வந்திருந்தார். 2024 போட்டியின் முதல் ஆட்டமே அங்கேதான்!

நாமக்கல் பெயரில் மட்டும் அணி இல்லை. லாரியும் முட்டையும் போதும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ!

எல்லாம் சுகம் என்றும் சொல்ல முடியாது. 2019-ல் ஆட்டக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் மர்ம ஆசாமிகள் தூது விட்டதாகப் புகார் கிளம்பி, கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரணையில் இறங்கியது. சின்னப் போட்டி, பெரிய டி.வி. வெளிச்சம். சூதாட்டக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

தறிக்காரர் மகன்

ஆனாலும் இந்தப் போட்டியை அலட்சியமாகத் தள்ள முடியாது. சாட்சி, சின்னப்பம்பட்டி நடராஜன்!

அப்பா தறிக்கூலி. அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை. டென்னிஸ் பந்தில் எறிந்து பழகிய பையன் 2016-ல் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். சூப்பர் ஓவரில் யார்க்கர் மேல் யார்க்கராகப் போட்டுப் பெயர் வாங்கினார். எதிரே நின்ற அணி எது? அதே தூத்துக்குடி! இன்றைய சேலம்!

அடுத்த பிப்ரவரியில் 10 லட்சம் அடிப்படை விலை போட்டிருந்த அவரை பஞ்சாப் ஐ.பி.எல். அணி 3 கோடிக்குத் தூக்கியது. 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி கொடுத்தது 10 கோடியே 75 லட்சம்.

டி.என்.பி.எல்.லில் 2023-ல் முதன்முதலாக ஏலம் நடந்தபோது ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதி 70 லட்சம். 8 அணிக்கும் கூட்டினால் 5 கோடியே 60 லட்சம். நடராஜன் ஒருவர் விலையில் பாதிதான் சொச்சம்!

சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் பெயரில் மைதானம் கட்டியிருக்கிறார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அணியின் பெயரை நாளைக்கு வேறு ஊருக்கு மாற்றினாலும், அந்த மைதானம் சின்னப்பம்பட்டியிலேயேதான் இருக்கும்.