தேர்தல் வேலைக்குக் கடைப் பையனைக் கேட்டு வந்தால்

தேர்தல் அறிவித்தால் உடப்புசல்லாவை பஸாரில் ஸ்டூடியோவுக்கும் கொமியூனிகேஷன் கடைக்கும் ஆள் தேடி வருவார்கள். “நானா, உங்கட பையன ஒரு மாசத்துக்குத் தாங்களேன்” என்பார்கள். தமிழிலும் சிங்களத்திலும் பிழையின்றி டைப் செய்து, வீடியோ வெட்டி, முகநூலில் போடத் தெரிந்த பையன்கள் நம்மூரில் எத்தனை பேர்? அவன் போனால் உங்கள் கடை வேலை நின்றுவிடும். ஆகவே தலையாட்டுமுன் கணக்குப் பார்ப்பது நல்லது.

பெரிய இடங்களிலும் ஆள் எடுப்பது வியாபார உலகத்திலிருந்துதான். ஒபாமாவின் 2012 தேர்தல் பிரசாரத் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பாக இருந்த ஹார்ப்பர் ரீட், அதற்கு முன் சிக்காகோவில் டீசேர்ட் விற்கும் திரெட்லெஸ் கம்பனியில் இருந்தவர். அவரது குழு தேர்தலுக்கு முன்பே கணினி அமைப்பை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து, மீட்டெடுத்துப் பழகியது. எதிரணியான ரொம்னி தரப்பின் ‘ஓர்கா’வோ வாக்களிப்பு நாளன்றே காலை வாரியது, தொண்டர்கள் பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. கெட்டிக்காரப் பையன் கிடைத்தால் மட்டும் போதாது, அவனுக்கு நாளும் கொடுக்க வேண்டும். நம்மூரிலோ நாளை கூட்டம் என்றால் இன்றிரவுதான் பெனர் கேட்டு வருவார்கள்!

சம்பளம் யார் தருவது? இங்கேதான் சட்டத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் தனது வரவு செலவைக் காட்ட வேண்டும். செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா. எனவே பில்லை உடனுக்குடன் வேட்பாளர் பெயருக்கே எழுதிக் கொடுங்கள். ‘தம்பி வந்து தருவார்’ என்பதெல்லாம் வேண்டாம். தோற்றவரிடம் கடன் வசூலிப்பது எவ்வளவு பாடு என்பது அச்சகக்காரர்களுக்குத் தெரியும். பாதியையாவது முற்பணமாக வாங்குங்கள். இலவசமாகச் செய்தாலும் பெறுமதியை எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, முகநூல் பக்கத்தைப் பையனின் சொந்தக் கணக்கிலோ கைபேசி இலக்கத்திலோ திறக்க விடாதீர்கள். எதிராளியைப் பற்றி யாரோ எழுதிக் கொடுத்ததை அவன் பதிவிட்டாலும் பொலிஸ் முதலில் தேடி வருவது அவனைத்தான். வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியால அமைதிக் காலத்திலும் “ஒன்றே ஒன்று போடு” என்று கேட்பார்கள். முடியாது என்று பையன் சொன்னால் எடுபடாது. முதலாளி நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.