படகிலிருந்து நீர்ப்பறவை வேட்டை: சட்டமும் எச்சரிக்கையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் படகிலிருந்து வாத்து வேட்டையாடுதல் இன்றும் சட்டத்துக்குட்பட்ட பொழுதுபோக்காகும். முற்காலத்தில் அங்கே சிறு படகின் முனையில் பீரங்கியையொத்த துப்பாக்கியைக் கிடத்தி, உறங்கும் கூட்டத்தில் ஒரே வேட்டில் டஜன் கணக்கான பறவைகளை வீழ்த்திச் சந்தையில் விற்றனர். பறவைகள் அருகிய பின்னரே, 1918-ஆம் வருஷத்தில் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் பிறந்தது.

இப்பொழுதுள்ள விதிகளின்படி துப்பாக்கி மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளலாகாது. மோட்டார் படகாயின் இயந்திரத்தை நிறுத்தி, ஓட்டமும் அடங்கிய பின்பே சுடலாம். இறந்த பறவையை எடுத்துவர இயந்திரத்தை இயக்கத் தடையில்லை. ஈய ரவை 1991 முதல் நாடெங்கும் விலக்கப்பட்டது. நீரடியில் கிடந்த ஈயத்தை வாத்துக்கள் மணற்கல் என்று விழுங்கி, அது இரைப்பையில் அரைபட, நஞ்சேறி மடிந்தமையே காரணம். பதினாறு வயது நிரம்பியோர் மத்திய சர்க்காரின் வாத்து முத்திரையும் வாங்க வேண்டும். 1934 முதல் வரும் இப்பணம் சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கச் செலவாகிறது. நமது சங்கங்களின் சேமநிதி போன்றதென்னலாம்.

படகில் ஏறுமுன் தோட்டாவைக் கழற்றிவிட வேண்டும். கிடக்கும் துப்பாக்கியைக் குழல்வாயைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தல் பெருந்தவறு. விசை பலகையில் தட்டுண்டு வெடிக்கும். வேட்டை நாய் மிதித்து வெடித்ததும் உண்டு. குழலில் சேறு புகுந்திருக்கச் சுட்டால் குழல் பிளக்கும். எழுந்து நின்று சுட்டால் அதன் உதைப்பினாலேயே சிறு படகு கவிழலாம். இருவராயின் முதுகோடு முதுகாக அமர்ந்து, அவரவர் பக்கத்தில் மட்டும் சுடுதல் நலம். மிதவைச் சட்டை ஆளுக்கொன்று படகில் இருத்தல் அந்நாட்டுச் சட்டம். ஆனால் மூலையில் கிடக்கும் சட்டை குளிர்நீரில் வீழ்ந்தவனுக்கு என்ன பயன்? உடுத்தியே இருத்தல் வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் வருஷத்துத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கான லைசென்ஸுகளை ஒழித்துவிட்டன. ஏரியில் இறங்கும் நாரையையோ காட்டு வாத்தையோ சுடுதலும், வலையிட்டுப் பிடித்தலும் குற்றமாகும். பயிர்க்காப்புக்கென 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் பெற்ற குடியானவர் சிலர், அதுவே பறவை சுடவும் அனுமதி என்றெண்ணுகின்றனர். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை வேறு, வேட்டையாடும் உரிமை வேறு. குற்றத்திற்கு உபயோகித்த துப்பாக்கியையும் படகையும் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. சங்கக் கடனில் வாங்கிய படகென்பதால் விலக்கில்லை. குற்றம் ருஜுவானால் கோர்ட்டார் துப்பாக்கி லைசென்ஸை ரத்துச் செய்து, ஐந்து வருஷம் வரை புதிய லைசென்ஸ் பெற இயலாதபடி உத்தரவிடலாம். அத்தனை காலமும் பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க அக்குடியானவர் வேறு வழியைத்தான் தேட வேண்டியிருக்கும்.